பாத்துட்டுத்தானுங்க வந்தேன்

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியதும் வண்டிக்காரர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு கொங்குப் பக்கம் எங்கும் ஒன்றுதான்: “பாத்துட்டுத்தானுங்க வந்தேன். ஆருமே வர்லீங்க.” சுற்றி நிற்பவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. பட்டப்பகல், நேரான ரோடு, சைக்கிள்காரர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. எப்படித் தெரியாமல் போகும்? போனில் பேசிக்கொண்டு வந்திருப்பான், இல்லையென்றால் குடித்திருப்பான் என்று கூட்டம் முடிவுகட்டிவிடும். ஸ்டேஷனுக்குப் போனால் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற பழகிய வரி எழுதப்படும், வழக்கு முடிந்தது.

போனும் குடியும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆள் சொல்வது அப்படியே உண்மையாக இருக்கும் விபத்துகளும் உண்டு. பார்த்தார், தெரியவில்லை. நாற்சந்தியில் இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குதான்.

சேவூரையே எடுத்துக்கொள்வோம். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் போகிற ரோட்டில் இருக்கும் ஊர். கோபிப் பக்கம் போகிறவர்களும் இங்கேதான் பிரிவார்கள். வாலீஸ்வரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் பழைய பெருமைகள். இப்போது சாயங்காலம் கைகாட்டிப் பக்கம் நின்றால் கண்ணில் படுவது வேறு: ஷிப்ட் முடிந்து ஆள் இறக்க வரும் பனியன் கம்பெனி வேன்கள், துணி ரோலை வாய்வரைக்கும் ஏற்றிய குட்டியானைச் சரக்கு வண்டிகள், நூல் மூட்டை லாரி, சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் மினி லாரி, இடையில் புகுந்து போகும் டிவிஎஸ் எக்ஸெல். இவற்றுக்கு ஓரத்தில், ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் தாரில், சைக்கிள்கள். விசைத்தறிக்குப் போகும் பெரியவர். கம்பெனி விடுதியிலிருந்து கடைக்கு வந்த வடநாட்டுப் பையன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் சைக்கிள் பெரும்பாலும் அரசு கொடுத்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், 2005-06-ல் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்களைக் கொடுக்கிற ஒரு மாநிலம், அவை எந்த ரோட்டில் ஓடும் என்று யோசித்ததற்கான அடையாளம் சாலையில் அதிகம் தென்படுவதில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் சைக்கிள்காரர்கள் சுமார் 3 சதவீதம். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. மூன்று சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய ஐயாயிரம் உயிர் அது. 2020 பிப்ரவரி 20 விடிகாலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில், டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகத்தான் சாகிறார்கள், அதனால் உள்ளூர்ப் பக்கத்தில் மூன்று வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு குட்டியானை 30 கி.மீ. வேகத்தில் சந்திப்பை நோக்கி வருகிறது. அதற்கு வலப்பக்கச் சாலையில் ஒரு சைக்கிள், 15 கி.மீ. வேகம். இரண்டு பேரும் வேகத்தை மாற்றாமல் வந்தால் ஒரே நொடியில் ஒரே புள்ளிக்கு வந்து சேர்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதலுக்கு 4 நொடி முன்னால் வண்டி அந்தப் புள்ளியிலிருந்து 33 மீட்டர் தள்ளி இருக்கும்; சைக்கிள் 17 மீட்டர். 3 நொடி முன்னால் 25 மீட்டரும் 12½ மீட்டரும். 2 நொடி முன்னால் 17-ம் 8-ம். தூரம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் விகிதம் மாறவில்லை. அதனால் டிரைவரின் கண்ணுக்கு நேர்முன்னிருந்து சைக்கிள் இருக்கும் கோணமும் மாறுவதில்லை. எந்த நொடியில் அளந்தாலும் வலப்பக்கம் 27 டிகிரி.

கடலோடிகளுக்கு இது பழைய பாடம். எதிரே தெரியும் கப்பலின் திசை மாறாமலேயே அது நெருங்கி வந்தால் மோதும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள் என்பது 1972-ன் சர்வதேசக் கடல் விதிகளிலேயே இருக்கிறது. தும்பி கொசுவைப் பிடிப்பதும் இதே கணக்கில்தான். இரையைத் தன் பார்வையில் ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு பறந்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். தும்பிக்கு அது வேட்டை. சந்திப்பில் யாரும் யாரையும் வேட்டையாடவில்லை, ஆனாலும் கணிதம் அதேதான்.

கோணம் மாறாததில் இரண்டு கேடு இருக்கிறது. நம் கண்ணின் ஓரப் பார்வை எழுத்தைப் படிக்காது, நிறத்தையும் சரியாகக் காட்டாது. அது வல்லமை காட்டுவது அசைவைப் பிடிப்பதில். காட்சியில் இடம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு புள்ளி அதன் கவனத்தை இழுக்காது. மோதப் போகிற சைக்கிள்தான் இப்படி அசையாமல் நிற்கிறது. மோதாமல் தப்பப் போகிறவை எல்லாம் நகர்ந்து நகர்ந்து கண்ணில் படுகின்றன.

இரண்டாவது கேடு, முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கும் பில்லர். டிரைவர் பக்கத்துப் பில்லர் பல வண்டிகளில் கிட்டத்தட்ட இந்த 20, 30 டிகிரிக்குள்தான் இருக்கும். அது 10 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரம் என்று வையுங்கள். மோதலுக்கு 4 நொடி முன்னால் சைக்கிள் டிரைவரிடமிருந்து நேர்கோட்டில் 37 மீட்டர் தள்ளி இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தத் தூரத்தில் பில்லர் ஐந்து மீட்டருக்கு மேல் மறைக்கும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், கண்களுக்கு இடையில் ஆறரை செ.மீ. இடைவெளி இருப்பதால், ஒரு கண் காணாததை மற்றது ஓரளவு கண்டுவிடும். அப்படியும் 1.9 மீட்டர் இரண்டு கண்ணுக்குமே இருட்டு. ஒரு சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர். நான்கு நொடிக்கு முன்னால் டிரைவர் தலையைத் திருப்பி நன்றாகப் பார்த்தாலும், ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் பில்லருக்குப் பின்னால் முழுசாக அடங்கிவிடுகிறார்கள். நாம் அதை இன்னும் அகலமாக்கியும் வைத்திருக்கிறோம்: பில்லரை ஒட்டிப் பக்கக் கண்ணாடி, கண்ணாடி ஓரத்தில் சாமி படம், கண்திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும்.

இரண்டு நொடி முன்னால் மறைவு ஒரு மீட்டருக்குச் சுருங்கி, சைக்கிளின் முன்சக்கரமோ பின்சக்கரமோ வெளியே எட்டிப் பார்க்கும். அதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் வருகிறவர் பார்த்து, உணர்ந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகும். அதில் 12½ மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஆறு மீட்டர். மொத்தம் 18-க்கு மேல். கையில் இருப்பது 17 மீட்டர்.

இதே வண்டி 20 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? இரண்டு நொடி முன்னால் அது 11 மீட்டர் தள்ளி இருக்கும். நிற்கத் தேவைப்படுவதும் ஏறக்குறைய 11 மீட்டர். நூலிழையில் தப்பிக்கலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. வேகம் 20 ஆனதும் கோணம் 27-லிருந்து 37 டிகிரிக்குப் போய்விடுகிறது, சைக்கிள் பில்லரின் மறைவை விட்டே வெளியே வந்துவிடுகிறது. வேகத்தைக் குறை என்று போர்டு வைக்கிறவர்கள் இந்தப் பாதிக் கதையைச் சொல்வதே இல்லை. மெதுவாகப் போனால் அடி மெதுவாக விழும் என்பது மட்டுமல்ல. மெதுவாகப் போனால் தெரிகிறது.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இப்லி கிராஸ் என்று ஒரு சந்திப்பு. மரமில்லை, சுவரில்லை, சுற்றிலும் பொட்டல். அரை கிலோமீட்டருக்கு அப்பால் வருவதும் தெரியும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இரண்டு சைக்கிள்காரர்கள் அங்கே கார் மோதி இறந்தார்கள், இரண்டாமவர் 2016 டிசம்பரில். அவ்வளவு திறந்த வெளியில் எப்படி என்று ஆராய்ந்தபோது, இரண்டு சாலைகளும் சுமார் 69 டிகிரியில் சாய்வாக வெட்டிக்கொள்வதும், குறிப்பிட்ட வேகங்களில் சைக்கிள் கடைசிவரை பில்லருக்குப் பின்னாலேயே பயணம் செய்ய முடியும் என்பதும் வெளிவந்தது. எல்லாம் தெரிகிற இடம் என்பதால்தான் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. நம் ஊர்ச் சந்திப்புகளில் கடையும் ஃப்ளெக்ஸும் நின்ற வண்டிகளும் பார்வையை மறைப்பதால் பாதிப் பேராவது பயந்து மெதுவாக வருகிறார்கள். மறைப்பு நல்லது என்று சொல்லவரவில்லை. ஆனால் ஊரைத் தாண்டியதும் வரும் வெட்டவெளிச் சந்திப்புகள் பத்திரமானவை என்று நாம் நினைப்பது தப்பு.

பில்லரே இல்லாத வண்டியிலும் கண் ஏமாற்றும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள்: நமக்குத் துல்லியமாகத் தெரிகிற பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், இரண்டு டிகிரி. மீதி எல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தை நொடிக்கு மூன்று நான்கு முறை தாவவிட்டுத்தான் மூளை முழுப் படத்தைக் கட்டிக்கொள்கிறது. தாவுகிற அந்த நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவைத்துவிடும், இல்லாவிட்டால் உலகம் கலங்கித் தெரியும். வலது, இடது என்று தலையைச் சட்டென்று திருப்புகிறவர் இரண்டு மூன்று இடங்களில்தான் உண்மையில் பார்த்திருப்பார். இடையில் இருந்ததை மூளை தானாக நிரப்பிக்கொண்டது. சைக்கிள் அந்த இடையில் இருந்தது.

தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா டிலூசியா 1991-ல் காட்டியது இது: பெரிய பொருளும் சிறிய பொருளும் வரும்போது, சிறியது முதலில் வந்து சேரும் என்றாலும் நம் கண் பெரியதைத்தான் முன்னதாக வருவதாக எடுத்துக்கொள்கிறது. லாரி வந்தால் நிற்கிறவர், சைக்கிள் வந்தால் “போயிடலாம்” என்று காலை அழுத்துவதற்கு ஆணவம் மட்டும் காரணமில்லை.

இனிச் சைக்கிள் மேல் இருப்பவர் பக்கம் வருவோம். பின்லாந்தில் ரஸானன், சும்மலா என்ற இருவர் நான்கு நகரங்களில் நடந்த 188 கார்-சைக்கிள் மோதல்களை ஒவ்வொன்றாகத் துருவி 1998-ல் எழுதினார்கள். மோதலுக்கு முன்னால் சைக்கிளைக் கவனித்த கார் டிரைவர்கள் 11 சதவீதம் பேர்தான். காரைக் கவனித்த சைக்கிள்காரர்கள் 68 சதவீதம். கவனித்த அந்தச் சைக்கிள்காரர்களில் 92 சதவீதம் பேர், டிரைவர் தனக்கு வழிவிடுவார் என்று நம்பியிருந்தார்கள்.

இந்த மூன்றாவது எண்ணில்தான் நான் நின்றுவிடுகிறேன். சைக்கிள்காரருக்குப் பில்லர் கிடையாது. தலை உயரத்தில் நாலாபக்கமும் தெரிகிறது, சத்தம் கேட்கிறது. வண்டி அவருக்குப் பளிச்சென்று தெரிவதால், தானும் வண்டிக்காரருக்கு அதே போலத் தெரிகிறோம் என்று நினைத்துவிடுகிறார். முகத்தை வேறு பார்த்துவிடுகிறார். நம்மை நோக்கித் திரும்பிய முகம் நம்மைப் பார்த்த முகம் என்று எண்ணாமல் இருப்பது யாருக்கும் எளிதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தால் அது இதுதான்: முகத்தைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார். வண்டி வேகம் குறைகிறதா என்று சக்கரம் முதலில் சொல்லிவிடும்.

திரும்பும் பஸ்ஸும் லாரியும் வேறு வகை ஆபத்து. இடப்பக்கம் திரும்பும் நீள வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்ளே இழுத்துக்கொண்டு வரும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் உள்ள பஸ் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரம் 1.6 மீட்டர் உள்ளே தள்ளி வரும். கரெக்டாக அந்த இடத்தில்தான் சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுகொண்டிருப்பார், பஸ் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்ற நிம்மதியில். லண்டனில் சைக்கிள்காரர் சாவுகளில் கனரக லாரிகளின் பங்கு அவற்றின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்ததால், டிரைவர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று லாரிகளுக்கு நட்சத்திரம் போட்டு, தேறாதவற்றை 2021 மார்ச் முதல் தண்டிக்கத் தொடங்கினார்கள். நம் லாரிகளில் கிளீனர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “வரட்டும், வரட்டும்” என்று கதவைத் தட்டுவது அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. இப்போது செலவு மிச்சம் பிடிக்கக் கிளீனர் இல்லாமலே பல வண்டிகள் ஓடுகின்றன.

இதற்கெல்லாம் ஊரில் கேட்கப்படும் ஒரே மருந்து ரவுண்டானா. நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8. கார்க்காரர்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ரவுண்டானாவாக மாற்றப்பட்ட 91 சந்திப்புகளை 2008-ல் ஆராய்ந்தவர்கள், சைக்கிள்காரர்கள் காயமடைந்த விபத்துகள் 27 சதவீதம் கூடியிருந்ததைக் கண்டார்கள். சுற்றில் ஓரமாகப் போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வண்டிகள் வெளியேறுவது முக்கியமான தொல்லை. சிறிய, ஒரே தடமுள்ள, நுழையும்போதே வேகத்தை முறிக்கிற ரவுண்டானா என்றால் கதை வேறு. தலைவர் சிலைக்கு இடம் விட்டுக் கட்டுகிற அகன்ற ரவுண்டானா வேகத்தை முறிப்பதில்லை.

கோவையில் சில ஆண்டுகளாகப் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது என்று காரில் போகிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள், நியாயம்தான். சைக்கிள்காரர் இடது ஓரத்திலிருந்து ஓடுகிற போக்குவரத்தின் குறுக்கே மீடியன்வரை போய், திரும்பி, மறுபடி இடது ஓரத்துக்கு வெட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு ஆபத்தான நகர்வு, கூடவே அரை கிலோமீட்டர் மிதி. திட்டம் போட்டவர்கள் அவரை எண்ணவில்லை.

இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிளில் லைட் இல்லையென்றால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது; அப்போது டைனமோ பல சைக்கிள்களில் கிர்ரென்று சுற்றும். இப்போது பின்பக்கம் ஒரு சிவப்பு வில்லையோடு சரி. அந்த வில்லை தன்மீது விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பின்னால் வருகிறவருக்குப் பளிச்சிடும். சந்திப்பில் பக்கவாட்டில் வருகிற வண்டிக்கு அது இல்லாதது மாதிரிதான். ஆஸ்திரேலியாவில் ஜோஆன் வுட் குழுவினர் இரவில் பொதுப் போக்குவரத்து இல்லாத மூடிய சாலையில் சோதித்தபோது, கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை டிரைவர்கள் அடையாளம் கண்டது 2 சதவீத முறைதான். ஒளிரும் நிறத்து மேலங்கி போட்டும் 15-தான் ஆயிற்று. வெளிச்சத்தைத் திருப்பும் பட்டை வைத்த மேலங்கிக்கு 50. அதோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியதும் 90. காரணம், மிதிக்கிற காலின் ஏற்ற இறக்கத்தை மனித மூளை இருட்டிலும் “ஆள்” என்று பிடித்துக்கொள்கிறது. திருப்பூரிலிருந்து கப்பலேறும் விளையாட்டு உடைகளில் இத்தகைய பட்டை ஒட்டுவது தெரிந்த வேலை. கட்டிங் மேஜைக்குக் கீழே கிடக்கும் துண்டுகளில் ஊர்ச் சைக்கிள்களுக்கெல்லாம் கணுக்கால் பட்டை தைத்துவிடலாம்.

ஆனால் பட்டையைக் கட்டு, பார்த்துப் போ என்று மிதிப்பவர் தலையிலேயே முழுப் பாரத்தையும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டிரைவரின் கண் தவறும் என்று தெரிந்த பிறகு, தவறினாலும் உயிர் போகாதபடி சந்திப்பைக் கட்டுவது சாலை போடுகிறவர்களின் வேலை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு விதிகளைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற விபத்துப் பதிவுச் செயலியை முதலில் ஏற்ற ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் விபத்து நடந்த புள்ளி, படம், சாலையின் விவரம் எல்லாம் ஏறுகின்றன. மோதல் கோணத்தைக் கணக்குப் போட வேண்டிய தகவலில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பெரிய ஆய்வுக் குழு தேவையில்லை. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர் சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குட்டியானையின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். 33, 25, 17 மீட்டர் என்று ரோட்டில் சுண்ணாம்புக் குறி போட்டு, குறுக்குச் சாலையில் 17, 12½, 8 மீட்டரில் ஒருவரைச் சைக்கிளோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தக் குறியில் ஆள் பில்லருக்குள் போகிறார், எந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் மறைக்கிறது, நிறுத்திய வேன் எவ்வளவு தள்ளி நின்றால் சக்கரம் தெரிகிறது என்று எழுதிக்கொண்டால், வேகத்தடையை எந்த மீட்டரில் போடுவது, திருப்பத்தின் முனையை எவ்வளவு கூர்மையாக்குவது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, ஒரு அளவு டேப், அரை நாள்.